அதோ, உனக்குப் பின்னாடி!

பிரிட்டனில் நாடகம் பார்க்கப் போகிறவர்கள் பொதுவாக மூச்சுச் சத்தம்கூடக் கேட்காதபடி உட்கார்ந்திருப்பார்கள். மிட்டாய்க் காகிதம் சரசரத்தாலே முன்வரிசைத் தலைகள் திரும்பி முறைக்கும். செல்போன் மணி அடித்துவிட்டால் மானம் போயிற்று. அப்பேர்ப்பட்ட ஜனங்கள்தான் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முதல் பாதி வரை, அதே அரங்குகளில், அதே இருக்கைகளில் உட்கார்ந்துகொண்டு தொண்டை கிழியக் கத்துகிறார்கள். வில்லன் தலை தெரிந்தால் ‘ஊஊ’ என்று ஊளை. மேடையில் நிற்பவனுக்குப் பின்னால் பேய் வந்தால், ‘அதோ, உனக்குப் பின்னாடி!’ என்று மொத்த அரங்கமும் அலறுகிறது. குழந்தைகள் மட்டுமல்ல, அவர்களைக் கூட்டிவந்த பேங்க் மேனேஜரும், நைட் ஷிஃப்ட் முடித்து வந்த நர்ஸும், ரிட்டயரான தலைமையாசிரியையும்கூட.

இந்தக் கூத்துக்குப் பெயர் பேன்டோமைம். செல்லமாக ‘பேன்டோ’. பெயரை நம்பி மௌன நாடகம் என்று எண்ணிப் போகிறவர் காதைப் பொத்திக்கொண்டுதான் வெளியே வர வேண்டியிருக்கும். பாட்டு, டான்ஸ், கடி ஜோக், அரசியல் நையாண்டி, மேடைத் தந்திரம், முகத்தில் க்ரீம் அப்புவது என்று இரண்டு, இரண்டரை மணி நேரம் அமர்க்களப்படும். கிறிஸ்துமஸ் காலத்துச் சமாச்சாரம்தான் என்றாலும் மாட்டுத் தொழுவமும் கிடையாது, தேவதூதர்களும் கிடையாது. சிண்ட்ரெல்லா, அலாவுதீன், ஸ்னோ ஒயிட், தூங்கும் அழகி, மதர் கூஸ், அவரைக்கொடியில் ஏறி அரக்கனைப் பார்த்த ஜாக் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சில கதைகள்தான் வருஷா வருஷம் சுற்றி வரும். இந்தப் பட்டியலில் நிஜ மனிதர் என்று சொல்லக்கூடியவர் டிக் விட்டிங்டன். 1423-ல் இறந்துபோன லண்டன் வணிகர் அவர். அந்நகரின் மேயராக இருந்தவர். ஏழைப் பையனாக லண்டனுக்கு வந்தார், அவர் வளர்த்த பூனை எலிகளைப் பிடித்தே அவரைப் பணக்காரர் ஆக்கியது என்பது பின்னால் கட்டிய கதை. பேன்டோவுக்கு வணிகர் முக்கியமல்ல, பூனைதான் முக்கியம்.

கதை எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் கதைக்காக யாரும் போவதில்லை. ‘யார் எங்கே நிற்பார்கள், நாம் எப்போது என்ன கத்த வேண்டும்’ என்பதுதான் விஷயம். அது எந்த நுழைவுச்சீட்டிலும் அச்சடிக்கப்பட்டிருக்காது. நான்கு வயதில் பாட்டி மடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது நாற்பது வயதிலும் மறக்காது. பேன்டோவின் சட்ட புத்தகம் மேடையில் இல்லை, இருக்கைகளில் இருக்கிறது என்று சொன்னால் தப்பில்லை.

மேடையிலும் சில மாறாத ஏற்பாடுகள் உண்டு. நல்ல தேவதை மேடையின் வலப்பக்கத்திலிருந்து வருவாள், வில்லன் இடப்பக்கத்திலிருந்து. இது நடிகரின் வலம், இடம், பார்ப்பவருக்கு நேர்மாறு. வலது சொர்க்கம், இடது நரகம் என்கிற பழைய நம்பிக்கையிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். மாடோ குதிரையோ ஒன்று வரும். தோலுக்குள் இரண்டு பேர். முன்கால்காரருக்குக் கொஞ்சம் காற்றாவது கிடைக்கும். பின்கால்காரர் குனிந்தபடி இன்னொருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஆட வேண்டும். சில காலத்துக்கு முன்பு வரை கதாநாயகனாக ஒரு பெண் நடிப்பாள்: குட்டைச் சட்டை, நீண்ட பூட்ஸ், ஏதாவது வீரவசனம் பேசினால் தொடையில் ஓங்கி ஒரு தட்டு. விக்டோரியா ராணி காலத்தில் தெருவில் பெண்ணின் கணுக்கால் தெரிந்தாலே பேச்சு ஆகும். மேடையில் கால் முழுதும் தெரிய ஒருத்தி வந்து நின்றால் டிக்கெட் விற்காமல் போகுமா? 1956-ல் லண்டன் பல்லேடியத்தில் நகைச்சுவை நடிகர் நார்மன் விஸ்டம் அலாவுதீனாக வந்த பிறகு அந்த இடத்தை ஆண்கள் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டார்கள். பாப் பாடகர்கள் மேடையேறத் தொடங்கிய காலமும் அதுதான். 1966-ல் அதே பல்லேடியத்தில் சிண்ட்ரெல்லாவின் ஒருதலைக் காதலன் பட்டன்ஸாக நடித்தவர் க்ளிஃப் ரிச்சர்ட்.

எல்லாருக்கும் மேலே ‘டேம்’.

டேம் என்பது கதாநாயகனின் அம்மா, அல்லது சமையல்காரி, அல்லது ஆயா. எப்போதும் ஒரு ஆண்தான் நடிப்பார். நம்மூர் நாடக மேடையின் ஸ்த்ரீபார்ட் நினைவுக்கு வரலாம். ஆனால் ஸ்த்ரீபார்ட் நடிகரின் பெருமை, பார்ப்பவர் அவரை நிஜப் பெண் என்று நம்பிவிடுவதில் இருந்தது. டேமின் பெருமை நேர் எதிர். பவுடருக்கு அடியில் தாடி நிழல் தெரிய வேண்டும், குரல் கரகரக்க வேண்டும், சேலஞ்சாக மார்பை நிமிர்த்தி நடக்கும்போதே ஒரு லாரி டிரைவரின் நடை எட்டிப்பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் வேறு உடை. தேநீர்க் கெட்டில் மாதிரி ஒரு பாவாடை, அடுக்கு கேக் மாதிரி ஒன்று, தலையில் கிறிஸ்துமஸ் மரத்தையே கவிழ்த்த மாதிரி ஒன்று. உடை மாற்றும் அவசரத்தில் திரைக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் அவரைச் சுற்றி ஓடுவார்கள். சிண்ட்ரெல்லாவில் மட்டும் டேமுக்குப் பதில் இரண்டு அசிங்க அக்காக்கள், அவர்களும் ஆண்களே. அலாவுதீனின் அம்மாவுக்கு ‘விடோ ட்வாங்கி’ என்று பெயர். 1861-ல் எச். ஜே. பைரன் எழுதிய நகைச்சுவை நாடகத்தில் வைத்த பெயர் அது. அந்தக் காலத்தில் கடையில் கிடைத்த மலிவான சீனத் தேயிலையின் பெயர். நம் ஊரில் ஒரு பாத்திரத்துக்கு ‘டஸ்ட் டீ அம்மாள்’ என்று பெயர் வைத்த கதைதான்.

இவ்வளவு சத்தமான கலைக்கு ஏன் ஊமைப் பெயர்? 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியத் தெருநாடகத்தின் ஹார்லிக்வின் என்கிற குறும்புக்காரன் லண்டன் மேடைக்கு வந்தான். ஜான் ரிச் என்ற நாடகக் கம்பெனி முதலாளி, தானே ஹார்லிக்வினாக, ஒரு வார்த்தை பேசாமல் ஆடிக் காசு பார்த்தார். ஹார்லிக்வின் கையில் இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கோல் இருக்கும். அடித்தால் வலிக்காது, சத்தம் மட்டும் பளீரென்று கேட்கும். அடிதடிக் காமெடி முழுவதற்கும் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்ற அந்தக் கோலின் பெயரே நிலைத்துவிட்டது. சட்டமும் பேச்சுக்கு எதிராக இருந்தது. 1737-ம் ஆண்டின் லைசென்ஸ் சட்டத்தால் அரசு உரிமை பெற்ற அரங்குகளில் மட்டுமே வசன நாடகம் போடலாம். மற்றவர்கள் ஆடலும் பாடலும் சைகையுமாகத்தான் பிழைப்பை ஓட்ட வேண்டியிருந்தது. 1843-ல் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அதற்கப்புறம் பேன்டோ வாயை மூடவே இல்லை.

அதற்கு முன்பே பார்வையாளரின் வாயைத் திறந்துவிட்டவர் ஒருவர் உண்டு. ஜோசப் கிரிமால்டி. 1778-ல் பிறந்தார், நடக்கப் பழகிய வயதிலேயே மேடை ஏறிவிட்டார். வெள்ளை பூசிய முகம், கன்னத்தில் சிவப்பு முக்கோணம் என்று இன்று சர்க்கஸ் கோமாளிக்கு நாம் கொடுக்கும் முகம் பெரும்பாலும் அவர் போட்டதுதான். 1806-ல் கோவென்ட் கார்டன் அரங்கில் அவர் நடித்த மதர் கூஸ் பேன்டோ ஊரையே கலக்கியது. அவர் பாடும் ஒரு பாட்டு உண்டு: சுட்ட ஆப்பிள் விற்கும் ஒரு கிழவி சாராயம் குடித்த கதை. அடியின் கடைசியில் ‘ஜின்’ என்ற சொல் வர வேண்டிய இடத்தில் நிறுத்திவிடுவார். மொத்தக் கூட்டமும் அந்தச் சொல்லைக் கத்தும். அவரோ ‘சீச்சீ, வெட்கமாக இல்லையா உங்களுக்கு!’ என்ற பாவனையில் முகத்தைச் சுளித்துக்கொள்வார். இன்றைய பேன்டோவின் அத்தனை கூச்சலுக்கும் வித்து அந்த ஒரு நிறுத்தத்தில் கிடக்கிறது.

தாவித் தாவி விழுந்து கிரிமால்டியின் உடம்பு சீக்கிரமே தேய்ந்தது. 1828-ல் விடைபெற்ற மேடையில் நிற்கக்கூட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து நடித்தார். இறந்தது 1837-ல். மறு ஆண்டு அவருடைய நினைவுக் குறிப்புகளைச் செப்பனிட்டுப் பதிப்பித்தவர் இளைஞரான சார்லஸ் டிக்கன்ஸ். லண்டனின் கிழக்குப் பகுதியில் இன்றும் ஒவ்வொரு பிப்ரவரி முதல் ஞாயிறும் கோமாளிகள் முழு வேஷத்தோடு சர்ச்சுக்குப் போய் அவருக்காகப் பிரார்த்தனை செய்கிறார்கள். அவர் பெயரில் உள்ள பூங்காவில், சவப்பெட்டி வடிவில் பதித்த ஓடுகள் மேல் குதித்தால் சுரம் எழும். சரியாகக் குதிக்கத் தெரிந்தால் அந்த ஜின் பாட்டையே வாசித்துவிடலாம். கல்லறையை மிதிக்கக் கூடாது என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கும்தான்.

அடுத்த பெரிய திருப்பம் ட்ரூரி லேன் அரங்கில் நடந்தது. 1879-ல் அதை ஏற்று நடத்தத் தொடங்கிய அகஸ்டஸ் ஹாரிஸ், நூற்றுக்கணக்கானவர்களின் ஊர்வலம், மின்னும் உடைகள் என்று பிரம்மாண்டத்தைக் கொண்டுவந்தார். மது அருந்திக்கொண்டே பாட்டு கேட்கும் ‘மியூசிக் ஹால்’ மேடைகளின் நட்சத்திரங்களையும் இழுத்து வந்தார். புனிதமான கலையை நாசமாக்கிவிட்டார் என்று அன்றைய விமர்சகர்கள் புலம்பினார்கள். அப்படி வந்தவர்தான் டான் லெனோ. குள்ளமான, சோகக் கண்கள் கொண்ட லெனோ 1888-லிருந்து வருஷா வருஷம் ட்ரூரி லேனில் ஆடினார். டேம் என்றால் வெறும் கிண்டல் பொம்மை அல்ல, வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே அல்லாடும் ஒரு நிஜமான அம்மா என்று ஆக்கியவர் அவர். 1904-ல் நாற்பத்து மூன்று வயதில் போய்ச் சேர்ந்தார். இன்று டேம் நடிக்கும் எவரும் ஏதோ ஒரு விதத்தில் அவர் வாரிசு.

இனி மேடைக்கு அருகே போவோம். எந்த ஊரில் பார்த்தாலும் வரக்கூடிய ஒரு காட்சி, பெஞ்சுக் காட்சி. டேமும் இரண்டு அசட்டு ஆசாமிகளும் இருட்டுக் காட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். பயம் தெரியாமலிருக்க ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடலாம் என்று முடிவு. ‘ஏதாவது வந்தால் சொல்வீர்கள்தானே?’ என்று டேம் கூட்டத்தைக் கேட்பார். ‘சொல்வோம்!’ பாட்டு ஆரம்பித்ததும் பின்னாலிருந்து வெள்ளைத் துணி போர்த்திய பேய் ஒன்று வரும். அரங்கம் அலறும். மூவரும் எழுந்து பெஞ்சைச் சுற்றி ஒரு பக்கமாக நடப்பார்கள். பேயும் அதே பக்கமாக அவர்கள் பின்னாலேயே நடக்கும். ‘ஒன்றுமே இல்லையே!’ ‘இருக்கிறது!’ ‘இல்லவே இல்லை!’ ‘இருக்கவே இருக்கிறது!’ இப்படியே போகும். மறுபடி பாட்டு. பேய் ஓரத்தில் இருப்பவன் தோளைத் தட்டும். அவன் திரும்பிப் பார்த்து வீறிட்டு ஓடுவான். பிறகு அடுத்தவன். கடைசியில் டேம் மட்டும். பேய் தோளைத் தட்டுகிறது. டேம் திரும்புகிறார். இருவரும் முகத்தோடு முகம் பார்க்கிறார்கள். வீறிட்டுக்கொண்டு ஓடுவது பேய்.

எழுதி வைத்தால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். சரிதான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஒரே சமயத்தில் இருக்கையை விட்டு எழுந்து, பெரியவர்கள் தங்கள் பேச்சைக் கேட்க மாட்டேனென்கிறார்களே என்ற ஆத்திரத்தில் முகம் சிவந்து கத்தும்போது, பக்கத்தில் இருக்கும் நாற்பது வயதுக்காரரால் சும்மா இருக்க முடியாது. அவர் கத்தினாரோ, அன்றைய டிக்கெட் காசு வசூல்.

அடுத்தது ‘ஸ்லாஷ்’ காட்சி. சமையலறையில் கேக் செய்வார்கள், அல்லது சுவரில் காகிதம் ஒட்டுவார்கள். அரை நிமிடத்தில் மூவரும் தலை முதல் கால் வரை வெள்ளைக் குழம்பில் முழுகியிருப்பார்கள். அந்தக் குழம்பு க்ரீமும் அல்ல, மைதாவும் அல்ல. ஷேவிங் சோப்புக் கட்டியைத் துருவித் தண்ணீர் விட்டு நுரைக்க நுரைக்க அடித்துச் செய்வது பழைய தொழில்முறை. மணிக்கணக்கில் நிற்கும், எறிந்தால் அப்பிக்கொள்ளும், உடையில் கறை பிடிக்காமல் துவைத்தால் போய்விடும். அடுத்த காட்சிக்கு மறுபடி அதே உடைதானே? காட்சி தொடங்குமுன் தரையில் பெரிய விரிப்பு ஒன்றை விரித்துவிடுவார்கள். முடிந்ததும் அதை அப்படியே சுருட்டி இழுத்துவிட்டால் மேடை சுத்தம். ஒரு துளி தப்பினாலும் அடுத்து வரும் நடனப் பெண்கள் வழுக்கி விழுவார்கள். பார்க்க வெறும் கும்மாளம். செய்பவர்களுக்கு யார் எந்தக் கையில் வாளியைத் தூக்க வேண்டும் என்பது வரை ஒத்திகை. மொத்த ஒத்திகைக்கே பெரும்பாலும் இரண்டு வாரம்தான் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நாளுக்கு இரண்டு காட்சி.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் திரை ஒன்று இறங்கும். அதில் ஒரு பாட்டின் வரிகள் பெரிய எழுத்தில் இருக்கும். அரங்கை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் சத்தமாகப் பாடுகிறதா, அந்தப் பக்கமா என்று போட்டி வைப்பார்கள். நாலைந்து குழந்தைகளை மேடைக்கு அழைத்துப் பேட்டி எடுப்பார்கள். இதுதான் எந்த நடிகருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும் இடம்; ‘உங்கள் வீட்டில் யார் யார்?’ என்று கேட்டால் குழந்தை என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? அன்று பிறந்தநாள் கொண்டாடுபவர்கள், வந்திருக்கும் பள்ளிக்கூடங்கள் பெயரெல்லாம் வாசிக்கப்படும். இவ்வளவும் அன்பினால் மட்டுமல்ல. திரைக்குப் பின்னால் கடைசிக் கல்யாணக் காட்சியின் அலங்காரத்தை அமைக்கவும், மற்ற நடிகர்கள் எல்லாரும் கல்யாண உடைக்கு மாறவும் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைக் கூட்டத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள், கூட்டமும் சந்தோஷமாகச் சுமக்கிறது.

குழந்தையே இல்லாத கூட்டங்களும் இதற்கு வருகின்றன. பழைய காலேஜ் நண்பர்கள், ஒரே ஆபீஸ்காரர்கள், ஒரே தெருக்காரர்கள் டிசம்பர் மாலை ஒன்றில் கோமாளித்தனமான கிறிஸ்துமஸ் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேராக ஒரு வரிசையையே பிடித்துவிடுவார்கள். முதலில் ஒரு பப், பிறகு பேன்டோ, இடைவேளையில் சின்ன டப்பாவில் ஐஸ்க்ரீம். அதைத் தின்ன மூடிக்குள்ளேயே ஒரு குட்டிக் கரண்டி இருக்கும். வெளியே கடும் குளிர், உள்ளே எல்லாரும் ஐஸ்க்ரீம் தின்பது பிரிட்டிஷ் புதிர்களில் ஒன்று. மின்னும் பிளாஸ்டிக் மந்திரக்கோல்கள் குழந்தைகளுக்கென்று விற்கப்படும். ஒரு பெக் உள்ளே போன அங்கிள்களும் வாங்குவார்கள்.

இப்படிக் கூட்டமாகப் போகிறவர்களுக்குள் முன்வரிசை யாருக்கு என்பதில் ஒரு சின்னச் சதி நடக்கும். டேம் வந்த ஐந்து நிமிடத்துக்குள் முன்வரிசைகளில் ஓர் ஆணைத் தேர்ந்தெடுப்பார். வழுக்கைத் தலையராகவோ, கூச்ச சுபாவியாகவோ, மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவராகவோ இருந்தால் விசேஷம். பெயர் கேட்பார். அவ்வளவுதான், அன்று இரவு முழுக்க அவர்தான் டேமின் காதலர். ஒவ்வொரு முறை மேடைக்கு வரும்போதும் அவர் பெயரைச் சொல்லிக் கண்ணடிப்பு, ஏக்கப் பெருமூச்சு, ‘என்ன டார்லிங், வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டாயா?’ என்று கேள்வி. நண்பர்களில் சாதுவானவரை அவருக்குத் தெரியாமல் அந்த இருக்கையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் பின்வரிசையில் இருந்து பார்ப்பதுதான் அந்தச் சதி. மறுநாள் ஆபீஸில் அவர் படும் பாடு தனி ஆட்டம்.

பெரியவர்களுக்கான ஜோக்குகள் குழந்தைகளின் தலைக்கு மேலே பறக்கும். உள்ளூர் ரயில் வரும் நேரம், நகராட்சி மூடாத சாலைக் குழி, பக்கத்து ஊர்க்காரர்களின் முட்டாள்தனம், அந்த வாரம் பதவியில் இருக்கும் பிரதமர் என்று எதுவும் தப்பாது. இரட்டை அர்த்தமும் தாராளமாக வரும். அதற்கென்றே பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று தனி பேன்டோக்களும் உண்டு. சிரிப்பு வரும், ஆனால் சீக்கிரம் சலித்துவிடும். இரட்டை அர்த்த வசனத்தின் ருசியே, பக்கத்தில் இருக்கும் ஏழு வயதுக்காரி ஒன்றும் புரியாமல் வேறு காரணத்துக்காகச் சிரிப்பதிலும், அவளுடைய பாட்டி புரிந்தும் புரியாத மாதிரி கைப்பையைத் துழாவுவதிலும் இருக்கிறது. அந்த இருவரையும் வெளியே அனுப்பிவிட்டால் மிச்சம் வெறும் கெட்ட வார்த்தைதான்.

பெரிய நடிகர்கள் இதைத் தாழ்வாக நினைப்பதும் இல்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பேரெடுத்தவரும், ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களில் கண்டால்ஃப் என்ற மந்திரவாதியாக வந்தவருமான இயன் மக்கெல்லன் 2004-ல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் விடோ ட்வாங்கியாகப் பாவாடை கட்டினார். 2022-ல் எண்பத்து மூன்று வயதில் மதர் கூஸாக நடித்து ஊர் ஊராகவும் போனார். லண்டனின் ஹாக்னி எம்பயர் அரங்கில் க்ளைவ் ரோவ் டேமாக நடித்து, பிரிட்டிஷ் நாடகத்தின் உயர்ந்த விருதான ஒலிவியேவுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அமெரிக்கர்களும் வருகிறார்கள். லண்டனின் டூட்டிங்கில் இலங்கைத் தமிழர்களின் கடைத்தெருவிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் நியூ விம்பிள்டன் அரங்கில் ‘பேவாட்ச்’ டிவி தொடர் புகழ் பமீலா ஆண்டர்சன் 2009-ல் விளக்கிலிருந்து வரும் பூதமாக நடித்தார்; அடுத்த வருஷம் அவருடைய சக நடிகர் டேவிட் ஹாசல்ஹாஃப் அங்கேயே வில்லன் கேப்டன் ஹூக். அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் பள்ளியிலிருந்து வரிசையாக அழைத்துப் போகப்பட்டு ஊளையிடக் கற்றுக்கொண்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ‘இல்லவே இல்லை!’ என்று ஆரம்பிக்கிறார்கள்.

ஆனால் டிவி முகங்கள் வந்து போகிறவர்கள். ஊர்க்காரர்கள் நெஞ்சில் வைத்திருப்பது தங்கள் டேமைத்தான். யார்க் நகரின் தியேட்டர் ராயலில் பெர்விக் கேலர் நாற்பது வருஷத்துக்கு மேல் டேமாக இருந்தார், எழுதியதும் அவரே. கூட்டத்தை நோக்கி ‘வேகன் வீல்’ பிஸ்கட்டுகளை வீசுவது அவர் வழக்கம். அங்கே கதை பாதியில் தடம் மாறிப் போகும், யாரும் கவலைப்பட்டதில்லை. சிறுவயதில் பிஸ்கட் பிடித்தவர்கள் பிறகு தங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வந்து பிடிக்க வைத்தார்கள். பல ஊர்களில் இப்போது மிட்டாய் வீசுவதில்லை. யார் கண்ணிலாவது பட்டால் நஷ்ட ஈடு கேட்பார்களே என்ற பயம்.

அரசகுடும்பத்துக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1944 வரை, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் விண்ட்சர் கோட்டையில் இளவரசிகள் எலிசபெத்தும் மார்கரெட்டும் உள்ளூர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து பேன்டோ போட்டார்கள். படைவீரர்களுக்குப் பின்னல் உடைகள் செய்யக் கம்பளி நூல் வாங்க நிதி. 1943-ல் பதினேழு வயது எலிசபெத் அலாவுதீன் வேஷம் கட்டினார். பார்க்க வந்திருந்தவர்களில் ஒருவர் கடற்படை அதிகாரியான ஃபிலிப். பின்னாளில் எலிசபெத்தின் கணவரானவர். குண்டுவீச்சுக்குப் பயந்து கோட்டையின் வாட்டர்லூ மண்டபத்தில் மாட்டியிருந்த ராஜாக்கள், தளபதிகளின் படங்களைக் கழற்றிவிட்டிருந்தார்கள். காலியான சுவரில் சிண்ட்ரெல்லாவையும் அலாவுதீனையும் ஒரு பதின்வயது ஓவிய மாணவர் காகிதத்தில் வரைந்து ஒட்டினார். போர் முடிந்து பெரிய மனிதர்களின் படங்கள் திரும்ப ஏறியபோது பேன்டோ பாத்திரங்களைக் கிழித்துப் போடவில்லை. அவற்றின் மேலேயே மாட்டிவிட்டார்கள்.

கோட்டையை விடுங்கள், உண்மையில் பேன்டோவின் உயிர் ஊர்ப் பொதுமண்டபங்களில் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் கிராமங்களில் அமெச்சூர்கள் போடும் ஆட்டங்களில் தபால்காரர் டேம், பல் டாக்டர் வில்லன், பள்ளி ஆசிரியை பசுமாட்டின் பின்பாதி. வசனம் மறந்துபோனால் பக்கவாட்டிலிருந்து எடுத்துக்கொடுக்கும் குரல் கடைசி வரிசைக்கும் கேட்கும், அதற்கும் கைதட்டல்.

நாடகத் தொழிலுக்கு இது வெறும் கேளிக்கை அல்ல. லண்டனுக்கு வெளியே உள்ள பல அரங்குகளுக்கு ஆண்டின் பெரிய வசூல் இந்த ஆறேழு வாரங்களில்தான். மார்ச் மாதத்தில் காலி இருக்கைகளுக்கு முன்னால் ஓடும் தீவிரமான நாடகத்துக்கும் சேர்த்து அரிசி போடுவது டேமின் பாவாடை. 2020 டிசம்பரில் கொரோனாவால் பெரும்பாலான பேன்டோக்கள் நின்றுபோனபோது அரங்கு முதலாளிகளுக்குக் கை உடைந்தாற்போல் ஆயிற்று.

மாற்றங்களும் வருகின்றன. சீனர்களைக் கேலிப் பொம்மைகளாக்கிய பழைய அலாவுதீன்களைப் பல அரங்குகள் கைவிட்டுக் கதையைக் கற்பனை நகரம் ஒன்றுக்கு மாற்றிவிட்டன. ஸ்னோ ஒயிட்டின் குள்ளர்களை யார், எப்படி நடிப்பது என்பது குறித்து விவாதம் நடக்கிறது. சத்தமும் வெளிச்சமும் தாங்காத ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக ஒலியைக் குறைத்து, கதவைத் திறந்துவைத்து, எழுந்து நடமாடலாம் என்ற அனுமதியோடு தனிக் காட்சிகள் போடுகிறார்கள். செவித்திறன் இல்லாதவர்களுக்குச் சைகைமொழிக் காட்சி. டேமின் வசைகளைச் சைகையில் மொழிபெயர்ப்பவரை டேமே வம்புக்கு இழுப்பதும் உண்டு. பழமை கெட்டுவிட்டது என்று முணுமுணுப்பவர்கள் அகஸ்டஸ் ஹாரிஸ் காலத்திலும் இருந்தார்கள்.

ஆட்டம் எப்போதும் கல்யாணத்தில் முடியும். படிக்கட்டு ஒன்றில் சின்ன வேஷக்காரர்கள் முதலில், டேமும் நாயக நாயகியும் கடைசியில் என்று வரிசையாக இறங்கி வந்து வணங்குவார்கள். வில்லனுக்கு ஊளை கொஞ்சம் கூடுதல். அதை அவர் விருதாக வாங்கிக்கொள்வார். பிறகு எதுகை மோனையோடு இரண்டு வரி விடைபெறும் வசனம். ஒத்திகையில் அந்த இரண்டு வரியை மட்டும் சொல்லவே மாட்டார்கள், சொன்னால் ஆட்டம் ஊத்திக்கொள்ளும் என்று பயம். முதல் நாள் கூட்டத்தின் முன்னால்தான் முதன்முறையாக வாயைத் திறப்பார்கள். அதைச் சொல்லி முடித்த கையோடு, அடுத்த டிசம்பரில் என்ன கதை என்பதையும் பல அரங்குகளில் மேடையிலேயே அறிவித்துவிடுகிறார்கள். டிக்கெட் கவுன்ட்டர் அப்போதே திறந்திருக்கும். கோட்டு மாட்டிக்கொண்டே நண்பர் கூட்டம் அங்கே ஒதுங்கும். முன்வரிசை வேண்டவே வேண்டாம் என்று ஒருவர் மட்டும் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.